உலக பேட்டன்ட், இரண்டு லட்சம் ரூபாய்

9 ஜூன் 2024, காலை. உடுமலையில் இருந்து ஒரு தம்பி கேட்டது:

அண்ணா, மாமாவோடு போர்வெல் வேலைக்குப் போகிறவன் நான். மோட்டாரை மேலே தூக்கும்போது ஓஸ் பைப் வழுக்காமல் பிடிக்க ஒரு கிளாம்ப் செய்திருக்கிறேன். எடை கூடக் கூடப் பிடியும் இறுகும். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கலாம். ஒரு ஏஜென்ட் இரண்டு லட்சம் கொடுத்தால் உலக பேட்டன்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வந்துவிட்டால் 20 வருடத்துக்கு யாரும் காப்பியடிக்க முடியாதாம். வீட்டு நகையை வைத்துக் கட்டிவிடலாமா?

9 ஜூன், மதியம்

நகையைத் திரும்ப பீரோவில் வையுங்கள்.

உலக பேட்டன்ட் என்று ஒரு சரக்கு எந்தக் கடையிலும் இல்லை. பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி. இந்தியாவில் வாங்கினால் இந்தியாவுக்கு மட்டும்தான். அவர் சொல்வது பிசிடி விண்ணப்பமாக இருக்கும், பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தின் கீழ் ஒரே இடத்தில் கொடுப்பது. அதில் 150க்கு மேல் நாடுகள் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அது பேட்டன்ட் இல்லை, பஸ் சீட்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. முதலில் போட்ட தேதியில் இருந்து 30 மாதம் வரை (இங்கே 31) அந்த இடம் உங்களுக்காக இருக்கும். அதற்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனியாக ஏறி, தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் யார் உங்கள் கிளாம்ப்பை வாங்கப் போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள்.

இதைவிட அவசரமான கேள்வி ஒன்று. அந்தக் கிளாம்ப்பை இதுவரை யாருக்கெல்லாம் காட்டினீர்கள்? வீடியோ எடுத்து எங்காவது போட்டீர்களா?

10 ஜூன்

மாமாவும் வேலையாள் ஒருவரும் மட்டும்தான் பார்த்திருக்கிறார்களாம், வீடியோ இல்லையாம். பிழைத்தீர்கள். இனி விண்ணப்பம் போடும் வரை வாட்ஸப் ஸ்டேட்டஸ்கூட வேண்டாம். யாருக்காவது காட்டியே ஆக வேண்டும் என்றால், ரகசியமாக வைத்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு காட்டுங்கள்.

சரி, காசு விஷயம். தனி ஆளுக்கு அரசு வாங்குவது இவ்வளவுதான். விண்ணப்பத்துக்கு 1600 ரூபாய். இது 30 பக்கம், 10 க்ளெய்ம் (இன்னது என்னுடையது என்று உரிமை கேட்கும் வரி) வரைக்கும். அதற்கு மேல் போனால் பக்கத்துக்கு 160, க்ளெய்முக்கு 320. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க 4000. சீக்கிரம் வெளியிடச் சொன்னால் இன்னொரு 2500, ஆனால் அது கட்டாயம் இல்லை. சும்மா இருந்தால் 18 மாதத்தில் தானாக வெளியாகும். ஆக, கட்டாயச் செலவு 5600. மிச்சம் 1,94,400 ரூபாய்க்கு அந்த ஏஜென்ட் என்ன எழுதித் தரப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஏஜென்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல ஏஜென்ட் கூலிக்குத் தகுந்தவர். அறிவியலோ இன்ஜினியரிங்கோ படித்து, பரீட்சை எழுதி, பதிவு எண் வாங்கியவர்தான் பேட்டன்ட் ஏஜென்ட். பட்டியல் பேட்டன்ட் அலுவலகத்தின் தளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆள் அதில் இருக்கிறாரா பாருங்கள். நான் கொடுத்தது எல்லாம் சேர்த்து 35,000. இரண்டு தவணை.

முழு விவரமும் இப்போதே எழுத வராது என்றால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். அதே 1600தான். தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும். அந்தத் தேதியில் இருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனி விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஒரு நாள் தாண்டினாலும் கைவிட்டதாகக் கணக்கு.

10 ஜூன், இரவு

மேலே 1600 என்று எழுதியது ஆன்லைனில் போட்டால். சென்னை கிண்டியில் இருக்கும் பேட்டன்ட் அலுவலகத்தில் காகிதமாகக் கொடுத்தால் 1750. எனக்கு 1600தான் நினைவில் இருந்தது, ஏனென்றால் ஏஜென்ட்தான் போட்டார். அவர்கள் ஆன்லைனில்தான் போட முடியும்.

12 ஜூன்

"காட்டினீர்களா" என்று ஏன் அப்படிப் பதறினீர்கள் என்று தம்பி கேட்டிருக்கிறார். சொல்கிறேன், இது என் சொந்தப் புண்.

எனக்குக் கோவையில் சின்ன லேத் பட்டறை. மனைவி ஊர் பல்லடம் பக்கம், சின்ன வெங்காயம் போடுகிற ஊர். அறுவடை முடிந்தால் களத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுப்பார்கள். காலை முதல் இருட்டும் வரை. விரல் எல்லாம் பிளவு, கண் எல்லாம் நீர். அதைப் பார்த்துத்தான் தாள் அறுக்கும் மெஷின் செய்ய ஆரம்பித்தேன். இரண்டு இரும்பு உருளைகள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். தாளை இடுக்கில் இழுக்கும், அடியில் பிளேடு அறுக்கும். காய் உருண்டு மறுபக்கம் விழும்.

2015இல் ஒரு விவசாயக் கண்காட்சியில் ஸ்டால் போட்டோம். மூன்று நாள், கூட்டம் என்றால் கூட்டம். யாரோ ஒருவர் மெஷினின் உள்பக்கம் வரை கேமராவை விட்டு வீடியோ எடுத்தார். நானே மூடியைக் கழற்றிக் காட்டினேன். பெருமை! அந்த வாரமே யூடியூபில் வந்தது. அதைப் பார்த்து நானும் மனைவியும் சந்தோஷப்பட்டோம்.

ஒரு வருடம் கழித்து ஏஜென்டிடம் போனேன். பேசி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதை எங்காவது காட்டினீங்களா?" வீடியோவைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. விண்ணப்பத்துக்கு முன் ஊருக்கே தெரிந்துவிட்ட பொருள் புதிது இல்லை. தெரியப்படுத்தியது நானே என்றாலும் அப்படித்தான். மத்திய அரசு அறிவிக்கை கொடுத்த பொருட்காட்சி என்றால் 12 மாத அவகாசம் உண்டு. நான் போன கண்காட்சி அந்த வகை இல்லை. அது அந்த வகையா என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

நல்ல வேளை, கண்காட்சிக்குப் பிறகு மெஷின் மாறியிருந்தது. இரும்பு உருளை காயை நசுக்கியது. உருளைக்கு ரப்பர் உறை வந்தது, அதன் மேல் சுருள் சுருளாகப் பள்ளம் போட்டோம். நசுங்கல் ஏறக்குறைய நின்றது. அது ஷெட்டுக்குள்ளேயே இருந்ததால் அதற்கு மட்டும் 2016 செப்டம்பரில் தற்காலிக விண்ணப்பம் போட்டோம். மூல யோசனையான இரட்டை உருளை போய்விட்டது. அந்த ராத்திரி சாப்பிடவில்லை.

13 ஜூன்

"எனக்கு நானே பதிவுத் தபால் அனுப்பி, கவரைப் பிரிக்காமல் வைத்தால் போதும்" என்று ஒருவர். போதாது. அந்தக் கவரால் நீங்கள் அன்றைக்குத் தபால் அனுப்பினீர்கள் என்று மட்டும் நிரூபிக்கலாம். நோட்டரி முத்திரையும் அப்படியே. யார் முதலில் விண்ணப்பம் போட்டார் என்பதுதான் கணக்கு.

இன்னொன்று, காப்புரிமை என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்துங்கள். பேப்பரில் பாட்டுக்கும் காப்புரிமை, மாத்திரைக்கும் காப்புரிமை. முதலாவது எழுதியவுடனே தானாக வருவது, பதிப்புரிமை என்பார்கள். நாம் பேசுவது தானாக வராது. அதனால்தான் நான் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்க.

15 ஜூன்

தம்பி கிளாம்ப்பின் படம் அனுப்பலாமா என்று கேட்கிறார். அனுப்பாதீர்கள்! இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்.

17 ஜூன்

அடுத்து தேடல், இதேபோல ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று. காசு கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து தேடுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியர்களின் எஸ்பாஸ்நெட், நம் அலுவலகத்தின் இன்பாஸ், எல்லாம் இலவசம். சென்னையில் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் பேட்டன்ட் தகவல் மையமும் இருக்கிறது. "போர்வெல் கிளாம்ப்" என்று தேடினால் ஒன்றும் வராது. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் நூறு வருடமாகக் குழாயைப் பிடித்துத் தூக்குகிறார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு என்ன பெயர் என்று கண்டுபிடித்து அதைத் தேடுங்கள். ஆப்பு வைத்து இறுக்கும் பிடி அங்கே நிச்சயம் இருக்கும்.

இருந்தால் மனம் உடையக் கூடாது. "அதில் இல்லாத எது என்னிடம் இருக்கிறது?" அந்த ஒரு வரியைத்தான் தேடுகிறோம். இரும்புக் குழாயை இறுக்கினால் ஒன்றும் ஆகாது, பிளாஸ்டிக் ஓஸை அப்படி இறுக்கினால் வெட்டிவிடும். உங்கள் கிளாம்ப் வெட்டாமல் பிடிக்கிறது என்றால் எதனால்? பதில் அங்கே இருக்கலாம்.

புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தத் தொழில் தெரிந்தவனுக்குத் தானாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். லேத் வேலை பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. மிர்சாபூரில் பாத்திரம் செய்கிற கம்பெனி, கடைசல் பிடிக்கும்போது பாத்திரத்தை லேத்தில் நிறுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு 1951 தேதியிட்ட பேட்டன்ட் வாங்கியது. இன்னொரு கம்பெனி அதையே செய்ய, வழக்கு. சுப்ரீம் கோர்ட் வரை போய் 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பழைய லேத்தில் பட்டறைக்காரன் செய்கிற சாதாரண மாற்றம்தான் இது, கண்டுபிடிப்பு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். பிஷ்வநாத் பிரசாத் வழக்கு என்றால் எந்த ஏஜென்டுக்கும் தெரியும். அப்போது பேட்டன்ட் ஆயுள் 16 வருடம். தீர்ப்பு வந்தது 27 வருடம் கழித்து. ஜெயித்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

18 ஜூன்

காந்தம் வைத்து கரண்ட் இல்லாமல் ஓடும் மோட்டார் செய்தவர், உங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் 3வது பிரிவு எதற்கெல்லாம் பேட்டன்ட் கிடையாது என்று பட்டியல் போடுகிறது. அதில் முதல் வரியே உங்களுக்காக: இயற்கை விதிக்கு நேர் எதிரானது கிடையாது. மோட்டார் உண்மையிலேயே ஓடினால் பேட்டன்ட் எதற்கு, ஈபி ஆபீஸையே விலைக்கு வாங்கலாம்.

அதே பட்டியலில் விவசாய முறைக்கும் கிடையாது என்று இருக்கிறது. மெஷினுக்கு உண்டு, நடவு முறைக்கு இல்லை. தெரிந்த சாமான்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அது அது தன் வேலையைத் தனித்தனியாகப் பார்த்தால் அதுவும் கிடையாது. குடையில் டார்ச் கட்டியவர் கவனிக்க.

20 ஜூன்

ஈரோட்டில் இருந்து ஒருவர், பாட்டி சொன்ன மஞ்சள் களிம்பு. பாட்டி சொன்னது என்று எழுதிவிட்டீர்களே, அங்கேயே முடிந்தது. வழிவழியாகத் தெரிந்த அறிவுக்குப் பேட்டன்ட் இல்லை.

மஞ்சள் என்றதும் நினைவு வருகிறது. 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குப் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். எழுதியவர்கள் இருவரும் நம் வழிவந்தவர்கள், அவர்களுக்கும் பாட்டி இருந்திருப்பார். நம் சிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம்) பழைய நூல்களையும் கட்டுரைகளையுமாக 32 ஆதாரங்களை அடுக்கி எதிர்த்தது. 1997இல் ரத்து. இப்படி நூலைத் தேடி ஓடுகிற வேலை ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றுதான் 2001இல் மரபு அறிவு மின்நூலகம் ஆரம்பித்தார்கள், சித்த மருத்துவமும் அதில் இருக்கிறது. உங்கள் பாட்டியின் களிம்பு அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம்.

2 ஜூலை

தம்பி பத்து நாளாகத் தேடி, அமெரிக்கப் பேட்டன்ட் நான்கு கிடைத்து, சோர்ந்துபோய் எழுதியிருக்கிறார். எனக்கும் அதே ஆனது. ஆனால் எனக்குக் காசு கட்டி நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் தேடவில்லை. ஏஜென்ட் தேடச் சொன்னார், "இந்த மாதிரி மெஷினை நான் எங்கேயும் பார்த்ததே இல்லை" என்றேன். நான் எங்கே போய்ப் பார்த்தேன், திருப்பூர் தாண்டியதில்லை.

2021 ஜனவரியில் முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. பதில் சொல்ல ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். அறிக்கையைத் திறந்தால் நான் பிறப்பதற்கு முன்பே வந்த அமெரிக்கப் பேட்டன்ட் ஒன்றின் படம். எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு உருளைகள், வெங்காயத் தாளை இழுக்கின்றன, அறுக்கின்றன. என் மெஷினை யாரோ பழைய மையில் வரைந்து வைத்ததுபோல இருந்தது.

கண்காட்சியில் இழந்துவிட்டேன் என்று எதற்காக ஒரு ராத்திரி சாப்பிடாமல் கிடந்தேனோ, அது என்னுடையதாக இருந்ததே இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மனைவியிடம் சொன்னபோது, "அப்ப அன்னிக்கே சாப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

பதிலில் க்ளெய்மைச் சுருக்கினோம். உருளை இல்லை, உருளை மேல் ரப்பர் உறை, அதில் இத்தனை கோணத்தில் சுருள் பள்ளம், அதனால் சின்ன வெங்காயம் நசுங்காது. 2022 ஜனவரியில் வீடியோவில் விசாரணை. நான் சட்டை மட்டும் நல்லதாகப் போட்டுக்கொண்டு லுங்கியோடு உட்கார்ந்தேன். பரிசோதகர் பாதி நேரம் பெரிய வெங்காயத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதில்தான் எல்லாமே இருந்தது. ஏப்ரலில் பேட்டன்ட் வந்தது.

3 ஜூலை

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் அடுத்த பில். மூன்றாம் ஆண்டில் இருந்து வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பேட்டன்ட் தாமதமாக வந்தால் பாக்கி எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்குள் சேர்த்துக் கட்ட வேண்டும். எனக்கு நான்கு வருடப் பாக்கி, 800 வீதம் 3200. ஏழாம் வருடத்தில் இருந்து 2400, பதினொன்றில் இருந்து 4800, பதினாறில் இருந்து 8000. கடைசி வரை கட்டினால் 76,800. நான்கு வருடத்துக்கு முன்கூட்டி ஆன்லைனில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்று 2024 மார்ச்சில் விதி வந்திருக்கிறது. பதினாறாம் வருடம் அந்த மெஷின் விற்குமா என்று அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், கட்டாவிட்டால் செத்துவிடும், அவ்வளவுதான்.

அதே மார்ச் விதியில்தான் பரிசோதனை கேட்கும் கெடுவை 48 மாதத்தில் இருந்து 31 ஆகக் குறைத்தார்கள். தம்பி, பழைய வீடியோக்களில் 48 என்று சொல்வார்கள். நம்பாதீர்கள்.

11 ஜூலை

கிரைண்டர் பற்றி யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். கோவைக்காரனிடம் கிரைண்டர் பேசினால் நிற்காது. 1955இல் சபாபதி என்பவர் செய்தது என்பார்கள். இன்றைக்கு "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்பதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது வேறு வண்டி: தனி ஆளுக்கு இல்லை, ஊருக்கு. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். டில்டிங் வந்தபோது, டேபிள் டாப் வந்தபோது எல்லாம் ஊரே ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததுதான். ஒருவர் கையில் பேட்டன்ட் இறுக்கமாக இருந்திருந்தால் இத்தனை பட்டறை முளைத்திருக்குமா என்று என் தொழில்கூட்டாளி கேட்பார். என்னிடம் பதில் இல்லை. நான் பேட்டன்ட் வாங்கியவன், ஆனால் என் அப்பா அப்படிப் பார்த்துச் செய்தே பிழைத்தவர்.

வடிவம் மட்டும் புதிது என்றால் டிசைன் பதிவு போதும், 10 வருடம், பிறகு 5. ஜெர்மனி, சீனாவில் சின்ன மேம்பாட்டுக்கென்றே குட்டி பேட்டன்ட் இருக்கிறது. இங்கே இல்லை. நம் பட்டறைகளுக்கு அதுதான் பொருந்தியிருக்கும்.

19 ஜூலை

"பேட்டன்ட் இருந்தால் காப்பியடிக்க முடியாது" என்று முதல் நாள் தம்பி எழுதியதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

முடியும். 2023இல் ஒருவர் அச்சு அசலாக என் மெஷின் செய்தார். ஒரே ஒரு மாற்றம், ரப்பர் உறைக்குப் பதில் நைலான் பிரஷ். போய்ப் பார்த்தேன். காய் நசுங்கவில்லை. என் க்ளெய்மில் ரப்பர் என்று இருக்கிறது. பிரஷ் என்ற சொல்லே என் 22 பக்கத்தில் எங்கும் இல்லை. முழு விவரக்குறிப்பு எழுதும்போது ஏஜென்ட் கேட்டார், "ரப்பர் மட்டும்தானா, மெத்தென்று வேறு எதை வைத்தாலும் வேலை செய்யுமா?" நான் ரப்பரை மட்டும்தான் பரிசோதித்திருந்தேன். "ரப்பர்தாங்க" என்றேன். அந்த ஒரு "தாங்க" எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

பேட்டன்ட் வேலி இல்லை, பட்டா. ஆடு மேய்ந்தால் நீங்கள்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும், பட்டாவில் இருக்கும் அளவுக்குத்தான் பேச முடியும். விண்ணப்பம் வெளியான நாளில் இருந்து நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு, ஆனால் வழக்குப் போடுவது பேட்டன்ட் வந்த பிறகுதான்.

பெரிய ஆட்களுக்கே எவ்வளவு இழுக்கும் என்பதற்கு பஜாஜ், டிவிஎஸ் கதை. சின்ன இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பேட்டன்ட் பஜாஜிடம். 2007இல் டிவிஎஸ் ஃபிளேம் பைக் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2008 பிப்ரவரியில் தடை கொடுத்தது, 2009 மே மாதம் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது, செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரி வழக்குகளை நாள்தோறும் நடத்தி முடியுங்கள் என்றது. கடைசியில் 2019இல் இருவரும் சமாதானமாகப் போனார்கள். அதற்குள் அந்த பைக்கே சந்தையில் இல்லை.

20 ஜூலை

நேற்று எழுதியதைப் படித்தால் பேட்டன்டே வீண் என்பதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. கடன் கேட்கப் போனபோது பேங்க் மேனேஜர் அந்தச் சான்றிதழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பெரம்பலூரில் ஒருவர் மெஷினுக்கு இவ்வளவு என்று ராயல்டி கொடுத்துச் செய்கிறார், சான்றிதழ் இல்லாமல் போயிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். பிரஷ் ஆளும் என் சுருள் பள்ளத்தைத் தொடவில்லை, பயந்துதான்.

28 ஜூலை

ஒரு வாசகர் (பெண்) இப்படிக் கேட்டிருக்கிறார்: "12 ஜூன் குறிப்பில் 'ரப்பர் உறை வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் செய்தேன், போட்டோம். ரப்பர் மட்டும் எப்படித் தானாக வந்தது?"

சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றிப் பார்த்தோம் அம்மா. அப்படித்தான் வந்தது.

31 ஜூலை

மூன்று நாளாக அந்தப் பதில் உறுத்துகிறது. "பார்த்தோம்" இல்லை.

மெஷினை ஓட்டிப் பார்க்கத் தாள் அறுக்கிற அக்கா ஒருவரைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தேன். நசுங்கிய காயைப் பொறுக்கிப் பொறுக்கி அவருக்குச் சலித்துவிட்டது. நான் மதியம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஷெட்டில் கிடந்த பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து உருளையில் சுற்றி, கம்பியால் கட்டி ஓட்டியிருக்கிறார். நான் வந்தபோது ஒரு கூடை காய் நசுங்காமல் இருந்தது. "இரும்பு கடிக்குதுங்க, அதான் துணி சுத்தலாம்னு பார்த்தேன், துணி இல்லை" என்றார். டியூப் வழுக்கியதால் சுருள் பள்ளம் போட்டது நான். சத்தியமாக அது நான்தான்.

ஆனால் 2016இல் விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் மட்டும். ஏஜென்ட் கேட்டார், "வேற யாராவது யோசனை கொடுத்தாங்களா?" "இல்லைங்க, கூலிக்கு ஆள் வெச்சிருந்தேன்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. கூலி கொடுத்தாயிற்றே என்று இருந்தது.

சட்டத்தின் 28வது பிரிவு இதற்காகவே இருக்கிறது, கண்டுபிடித்தவர் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பேட்டன்ட் கொடுப்பதற்கு முன். 2022 ஏப்ரலோடு அந்தக் கதவு மூடிவிட்டது.

1 ஆகஸ்ட்

இன்னொன்றும் நேற்று ராத்திரி புரிந்தது, சிரிப்பதா என்று தெரியவில்லை. 2019 செப்டம்பரில் இருந்து, விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனி ஆட்களாக இருந்து அதில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், துரிதப் பரிசோதனை கேட்கலாம். கட்டணம் 8000. எனக்கு அறிக்கை வர 2021 ஆனது. அந்த அக்காவைச் சேர்த்து இருவர் பெயரில் போட்டிருந்தால் நான் முன்வரிசைக்குப் போயிருப்பேன்.

6 ஆகஸ்ட்

பல்லடம் போய்ப் பார்த்தேன். அவர் இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விஷயத்தைச் சொன்னேன். பெரம்பலூர் ராயல்டியில் பாதி இனி உங்களுக்கு என்றேன், எழுதிக்கொண்டும் போயிருந்தேன். அவர் கேட்டது, "அந்த டியூப் இன்னும் இருக்குதுங்களா?" இல்லை. இப்போது மோல்டிங் ரப்பர். "டியூப்பே நல்லா இருந்துச்சு" என்றார். இன்னும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. மகளிடம் கேட்க வேண்டுமாம்.

14 ஆகஸ்ட்

தம்பி எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பேட்டன்ட் நான்கிலும் ஆப்பின் பல் இரும்பைக் கவ்வுவதற்காக இருக்கிறதாம். இவருடையதில் பல்லே இல்லை, ஓஸைச் சுற்றி நீளமாகப் பிடித்து எடையைப் பரப்புகிறது. அதுதான் தம்பி உங்கள் வரி. நீளம், பொருள், கோணம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். என்னைப்போல "ரப்பர்தாங்க" வேண்டாம்.

பல் இல்லாமல் செய்யலாம் என்று சொன்னது யார்?

15 ஆகஸ்ட்

மாமாவாம். கை விரல் எப்படிப் பைப்பைப் பிடிக்கிறதோ அப்படி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். இறுக்கும் ஏற்பாடு தம்பியுடையது.

அப்படியென்றால் இரண்டு பெயர்.

4 செப்டம்பர்

இரண்டு லட்சம் ஏஜென்ட் போன் எடுப்பதில்லையாம். பட்டியலில் அவர் பெயரும் இல்லை. தம்பியும் மாமாவும் பஸ் ஏறி கிண்டி போய், காகிதத்திலேயே தற்காலிக விண்ணப்பம் கொடுத்து, 1750 கட்டி, எண் வாங்கி வந்துவிட்டார்கள். தேதி 2 செப்டம்பர் 2024. முழு விவரக்குறிப்பு 2025 செப்டம்பர் 2க்குள். காலண்டரில் இல்லை, சுவரில் எழுதுங்கள்.

கண்டுபிடித்தவர்கள் கட்டத்தில் மாமா கையெழுத்துப் போடுவதற்கு முன் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "இது ஜாமீன் கையெழுத்து இல்லையே?"